பக்கத்திரை இல்லாத படுதா

ஒரு வேனுக்குப் படுதா எடுப்பதில் அடிதடி வரும் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் வந்தது. குழம்பில் உப்பு கூடினாலே அடிதடி வரும் வீடு அது, படுதாவுக்கு வராமல் இருக்குமா?

எழுபதுகளின் ஆரம்பம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி கிழடு தட்டியதும் கம்பெனி அதைத் தள்ளிவிட்டது. இவர் வாங்கிக்கொண்டார். சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே இரண்டு பக்கமும் பலகைக் கட்டில் அடித்தார். பின்கதவுக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைக்கத் தட்டு, கூரைமேல் தண்ணீர் டிரம், சாமான் மாட்டக் கொக்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கடைசியில் வெளியே முழுக்க நீலப் பெயின்ட் அடித்தார். ஆடி மாதத்தில் குடும்பம் குடும்பமாகப் பெரியபாளையத்துக்குக் கூட்டிப்போய், ஆற்றங்கரையில் தங்கவைத்து, பொங்கல் வைத்து முடித்ததும் கூட்டிவருவது அவருடைய திட்டம். "ஊடே கூட வருது பாருடி" என்று வண்டியைத் தட்டித் தட்டிச் சொல்வார். வண்டிமேல் ஒரு காக்கா எச்சம் விழுந்தால் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

தங்கையின் கை ஒடிந்தபோது அந்த அளவுக்கு வலித்ததா என்று எனக்குச் சந்தேகம்.

என் நாத்தனாரைச் சொல்கிறேன். திருவள்ளூரில் ரைஸ்மில் வேலைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அடி வாங்கிக்கொண்டு அவள் தாய்வீடு வந்தது அது முதல் தடவையல்ல. ஒவ்வொரு தடவையும் என் மாமியார் தலைக்கு எண்ணெய் வைத்து, வாய்க்கு ருசியாக மீன் குழம்பு வைத்து, பூ வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். இந்தத் தடவை அவன் அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தான். எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். மூங்கில் பத்தை வைத்துச் சுற்றிய அந்தக் கட்டோடு அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கையால் பூண்டு உரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையாவது கடிக்க வேண்டும்போல் இருந்தது.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றாள் மாமியார்.

"அந்தக் கை என்னிக்கு அத்தை அணைச்சுது? கேட்டுச் சொல்லுங்க" என்றேன். நாத்தனார் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

என் சேதியையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரும் ஒருநாள் கையை ஓங்கி ஒன்று வைத்தார். நான் கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்தேன். "அடுத்தது காலு மேல" என்றேன். அதன் பிறகு அந்தக் கை என் பக்கம் வந்ததில்லை. ஓங்கும், ஆனால் பாதி வழியில் ஞாபகம் வந்துவிடும். நான் பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவள். எங்கள் குப்பத்தில் புருஷன்மார்கள் அடிக்காதவர்கள் என்று சொல்ல வரவில்லை. அடிப்பார்கள். ஆனால் அடுப்பு, குளியல், சண்டை எல்லாம் வெளியேதான். ஒருவன் பெண்டாட்டி மயிரைப் பிடித்தால் கருவாடு காயவைக்கிற நாலு கிழவிகள் துடைப்பத்தோடு வந்துவிடுவார்கள். பார்க்கிறவர்கள் இருந்தால் அடிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும் என்று நான் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டது அங்கேதான்.

என் மாமியாரும் அதே ஏரிக்கரைதான். ஆனால் கதவு வைத்த வீட்டுக்குக் குடிவந்தவள். கதவைத் தவிர அவளுக்கு வேறு பெருமை கிடையாது. எது நடந்தாலும் முதலில் கதவைச் சாத்துவாள், அப்புறம்தான் அழுவாள்.

அந்த ஆடிக்கு அவள் ஒரு திட்டம் போட்டாள். நாத்தனாருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தது. பிழைத்தால் பெரியபாளையத்தம்மன் கோயிலில் அவளுக்கு வேப்பிலையால் வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டாமலே வருஷங்கள் ஓடிவிட்டன. "வேண்டுதலை நிறுத்தி வெச்சதாலதான் அவ பொழப்பு இப்படிக் கீது. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதெ செஞ்சா மாப்புள்ள மனசு குளுந்துடும்" என்றாள். ஆக, வேனின் முதல் சவாரி எங்கள் குடும்பமே. ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவது. மாப்பிள்ளையை ஆற்றங்கரைக்கே வரச்சொல்வது. பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சாப்பிட்டு முடித்ததும் அவன் கையில் மகளை ஒப்படைத்து அங்கிருந்தே திருவள்ளூருக்கு அனுப்பிவிடுவது.

இது எதுவும் அனுப்பப்படுகிறவளிடம் கேட்கப்படவில்லை. "வீட்டுக்குப் போனா இந்தத் தபா கொன்னுடுவான் அண்ணி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சாதாரணமாக, நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னாள்.

வேன் உள்ளே பகலில் அடுப்பு மாதிரி காய்ந்தது. பக்கவாட்டில் ஒரு படுதா இழுத்துக் கட்டினால்தான் அதன் நிழலில் சமைக்கலாம், ஜனம் உட்காரலாம். வண்டியையே ஓட்டிக்கொண்டு அளவு கொடுக்கத் திருவள்ளூர் போனோம். ரயிலடிப் பக்கம் லாரிப் படுதா தைக்கிறவர் ஒருவர் இருந்தார். வேகாத வெயிலில் மெழுகு நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து, கெட்டிக் கித்தான் துணியைக் காலால் மிதித்துக்கொண்டே தைப்பார். நாலு வார்த்தை பேசினால் அதில் இரண்டு திட்டாக இருக்கும்.

மூன்று தினுசு எடுத்துப் போட்டார். பட்டாளத்தில் கழித்துவிட்ட பச்சைக் கித்தான், மெழுகு ஏற்றிய லாரித் தார்ப்பாய், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பந்தல் துணி. என் வீட்டுக்காரருக்குக் கோடு போட்டதில்தான் கண். நீல வண்டிக்கு எடுப்பாக இருக்குமாம்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், இந்தச் சீலைத் துணி எந்த மூலைக்கு?" என்று கடைக்காரர் அதைக் காலால் ஒதுக்கினார். தார்ப்பாய் தண்ணீர் தாங்கும், ஆனால் கீழே உட்கார்ந்தால் வேகவைத்துவிடும். கித்தான்தான் என்று முடிவானது. வண்டிக் கூரை விளிம்பில் ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, அதில் வளையம் போட்டுக் கோப்பது. எதிர்ப்பக்கம் இரண்டு மூங்கில் கழி, இழுத்துக் கட்டக் கயிறு, அடிக்க முளை. அதுவரை சண்டை இல்லை.

"மூணு பக்கமும் திரை போட்டுடணும்" என்றாள் மாமியார்.

"எதுக்கு அத்தை?"

"எதுக்கா? ஆயிரம் ஜனம் வந்து போற எடம். குடும்பம்னா பேச்சு இருக்கும், சண்டை இருக்கும். நாலு பேரு பாத்தா மானம் போவாது?"

கடைக்காரர் ஒரு பக்கத்திரையை எடுத்து விரித்துக் காட்டினார். அதுவும் கித்தான்தான். ஓரம் முழுக்கக் கண் போட்டு, கயிறு கோத்து, கீழே முளையோடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி இருந்தது. அதுவரை வண்டிப் படியில் பேசாமல் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்து வந்தாள். கட்டுப் போடாத கையால் திரையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதெ உள்ளேர்ந்து அவுக்க முடியுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"முடிச்சு வெளியே தாம்மா. உள்ளே இருக்கறவங்களுக்கு இன்னாத்துக்கு?"

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப்போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பச்சைத் திரைக்குள் அவளும் அவனும், வெளியே முடிச்சைப் போட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிற மாமியாரும் என் கண்முன் தெரிந்தார்கள்.

"திரை வேணாம்" என்றேன். "மேலே மட்டும் போடுங்க. பக்கமெல்லாம் தெறந்து கெடக்கட்டும்."

"நீ யாருடி சொல்ல?" மாமியார் என் தோள்பட்டையில் கிள்ளினாள். அந்தக் காலத்துக் கிள்ளல், சதை கையோடு வந்துவிடும். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் "ஐயோ, மருமவ அடிக்கிறாளே" என்று கடைவாசலில் நின்று ஓலமிட்டாள். என் வீட்டுக்காரர் ஒரு கயிற்றுக் கட்டை உதைத்தார், அது உருண்டு போய் டீ கிளாஸை உடைத்தது. கடைக்காரர் எங்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். "பெரியவங்க மேல கை வெக்கறியா?" என்று இவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எனக்கு எட்டிய தூரத்தில் கித்தான் தைக்கிற கோணி ஊசி இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"வாய்யா. வந்து பாரு. கையெ படுதாவோட சேத்துத் தெச்சுடறேன்."

அவர் கை பாதி வழியில் நின்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் "விடுப்பா, பொம்பளை கையில ஊசி கீது" என்றார். பார்க்கிறவர்கள் இருந்தால் கை யோசிக்கும் என்றேனே, இதுதான்.

ஆனாலும் ஊசியால் படுதாவைத் தீர்மானிக்க முடியவில்லை. அம்மா பேச்சைத் தட்ட அவருக்கு மனசில்லை. நான் குரலை இறக்கி, "தோ பாருய்யா, மூணு பக்கமும் அடைச்சா ஸ்டவ்வுப் பொகை எங்கே போவும்? உன் வண்டி மேலதான் படியும். ஒரே ஆடியில நீலம் கருப்பாயிடும்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "தெரெ வேணாம்பா, மேல மட்டும் போடு" என்று கடைக்காரரிடம் சொன்னார். தங்கைக்காகச் செய்யாததைப் பெயின்டுக்காகச் செய்தார். எதற்காகச் செய்தால் என்ன, செய்தாரே என்று நான் ஊசியைக் கீழே வைத்தேன். திரும்பிவரும் வழியெல்லாம் மாமியார் என்னோடு பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் பெரியபாளையம் போய்ச் சேர்ந்தோம். ஆரணியாற்று மணலில் மாட்டு வண்டியும் லாரியும் கூடாரமுமாகக் கால் வைக்க இடமில்லை. கிடைத்த இடத்தில் வேனை நிறுத்திப் படுதாவை இழுத்துக் கட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. அகலமான நிழல், மூன்று பக்கமும் திறந்து கிடந்தது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜனம். மூங்கில் கழிகள் இரண்டிலும் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள் நாத்தனார். இங்கே வைத்து அவன் ஒன்றும் செய்ய முடியாது, அத்தனை பேருக்கு முன்னால் பேசித்தான் ஆக வேண்டும் என்று நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவளும் அன்று கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள்.

காலையில் ஆற்றங்கரை கொலைக்களமாக இருந்தது. எங்கே திரும்பினாலும் சேவலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில்லாத கோழி ஒன்று எங்கள் படுதாவுக்குள் ஓடிவந்து அடுப்பில் முட்டி விழுந்தது. மணல் சிவந்து, சிறகு ஒட்டிக் கிடந்தது. பம்பையும் உடுக்கையும் ஒரு பக்கம் நிற்பதற்குள் இன்னொரு பக்கம் தொடங்கும். அம்மன் வந்து ஆடுகிற பெண்கள் தலைமயிரை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவார்கள். கூட வருகிறவர்கள் வேப்பிலையால் அடித்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, விழாமல் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு இதெல்லாம் புதிதல்ல. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு அடிச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

நாத்தனார் ஆற்றில் முழுகி, வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தாள். ஈரத் தலை விரிந்து கிடந்தது. இடுப்பிலிருந்து தோள்வரை வேப்பிலை, நெற்றி முழுக்க மஞ்சள், ஒரு கையில் புத்தூர்க் கட்டு. நாங்கள் திரும்பியபோது மாப்பிள்ளை ஏற்கெனவே படுதாவின் கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். குடித்திருந்தான். மாமியார் இலையில் வைத்துக் கொடுத்த நாஷ்டாவைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்பக்கம் இரண்டு பழைய புடவைகள் தொங்கின. நாங்கள் கோயிலுக்குப் போன நேரத்தில் மாமியார் கழிக்குக் கழி கயிறு கட்டிப் புடவைத் திரை போட்டிருந்தாள்.

நான் ஒரே இழுப்பில் இரண்டையும் பிடுங்கினேன். ஒன்று நெடுகக் கிழிந்தது. மாமியார் கையில் இருந்த கரண்டியால் என் முழங்கையில் போட்டாள். கை மரத்துப்போய்விட்டது. "உன்னால எங்குடும்பம் சந்தி சிரிக்கப் போவுதுடி" என்றாள். "சிரிக்கட்டும். சிரிக்கறவங்க முன்னாடி பேசுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் இதுதான் சமயம் என்று சேவலைத் தூக்கிக்கொண்டு அறுக்கக் கிளம்பிவிட்டார். சண்டை என்றால் அவருக்கு எப்போதும் வெளியே ஒரு வேலை வந்துவிடும்.

மாப்பிள்ளை இலையை மடித்தான். "கெளம்பு" என்றான் அவளிடம்.

"சேலை மாத்தணும். பொங்கல் வெக்கணும்" என்றாள் மாமியார் கெஞ்சலாக.

"கெளம்புன்னேன்."

நாத்தனார் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததேயில்லை. "நான் வரல" என்றாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே கொஞ்சமாகத்தான் கேட்டது.

அவனுக்குக் கேட்டுவிட்டது. எழுந்த வேகத்தில் கட்டுப் போட்ட கையையே பிடித்து இழுத்தான். அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. கன்னத்தில் விட்டான், வாய் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் தடுமாறி மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டாள். அவன் அந்தக் கழியில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கி, காம்புப் பக்கம் அவள் மேல் படும்படித் திருப்பிப் பிடித்துக்கொண்டு விளாசினான். முதுகில், கழுத்தில், முகத்தில் விழுந்தன. அவள் கட்டியிருந்த வேப்பிலை உதிர்ந்து பறந்தது. நான் குறுக்கே விழுந்தேன், உதைத்துத் தள்ளினான். மணலில் புரண்டபடியே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "பாருங்க! யாராவது வாங்க!"

ஜனம் பார்த்தது. மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தது. நான் நினைத்தபடியே நின்றுவிட்டது. எல்லாருடைய கையும் மேலே போனது. ஆனால் தடுக்கப் போகவில்லை. கும்பிடப் போனது.

"அம்மா வந்துட்டாங்க!" என்றாள் ஒருத்தி.

வேப்பஞ்சேலை, விரித்த தலை, ஒருவன் வேப்பிலையால் அடிக்க அலறி ஆடுகிற பெண். அன்று காலையிலிருந்து அந்த ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானே? பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்துக் கூட்டத்துப் பம்பைக்காரர்கள் ஓடிவந்து படுதாவின் ஓரத்தில் நின்று அடிக்க ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். "நல்லா அடிச்சிக் கேளுப்பா, எந்த அம்மா வந்திருக்கறதுன்னு" என்று ஒரு கிழவர் அவனுக்கு யோசனை சொன்னார். நான் "அம்மா இல்லெ, அவன் புருஷன்! குடிச்சிட்டு அடிக்கிறான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பம்பைச் சத்தத்தில் என் வாய் அசைந்ததுதான் மிச்சம். எனக்கும் அம்மன் வரப்போகிறது என்று நினைத்து ஒருத்தி என் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். என் வாழ்நாளில் மனுஷர்கள் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. கண்ணிருந்தும் குருடர்கள் என்பார்களே, அன்றுதான் கண்டேன்.

எழுந்து மூங்கில் கழியைப் பிடுங்கினேன். முளை தெறித்தது, படுதா ஒரு பக்கம் சரிந்து அடுப்புமேல் விழுந்தது. இரண்டு கையாலும் கழியைத் தூக்கி அவன் முழங்காலைப் பார்த்துப் போட்டேன். விழுந்தான். இன்னொன்று தோளில் போட்டேன். அது எனக்காக. கூட்டம் பயபக்தியோடு எனக்கு வழிவிட்டது.

பம்பை நின்றது. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கற்பூரத் தட்டோடு வந்து நாத்தனாரின் முன்னால் மண்டியிட்டாள். "தாயே, இன்னா கொறை? வாயெத் தெறந்து சொல்லு தாயே. செய்யறோம்."

நாத்தனார் மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள். உதட்டு ரத்தம் மோவாயில் ஒழுகியது. கற்பூரத்தைப் பார்த்தாள், கைகட்டி நிற்கும் ஜனத்தைப் பார்த்தாள். அவள் சொல்வதைக் கேட்க அவ்வளவு பேர் காத்திருந்தது அவள் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"இவன் வேணாம்" என்றாள்.

"யாரு தாயே?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். "இவன். இவன் என்னெத் தொடக் கூடாது. போவச் சொல்லு."

புதிதாக மொட்டையடித்துச் சந்தனம் பூசிய இரண்டு ஆண்கள் அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "அம்மா சொல்லிட்டா. நட" என்றார்கள்.

"யோவ், அவ எம் பொண்டாட்டிய்யா!" என்று அவன் திமிறினான்.

கூட்டம் அதிர்ந்தது. "டேய், அம்மாவெப் பொண்டாட்டின்றான்டா!" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். முதல் அறை எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்புறம் எண்ண முடியவில்லை. ஆண்கள், பெண்கள், கரும்பு விற்கிறவன் என்று ஆளாளுக்கு வைத்தார்கள். செருப்பு பறந்தது. அடித்துக்கொண்டே ஆற்றுவரை ஓட்டிப்போய்த் தண்ணீரில் தள்ளி முழுகவைத்தார்கள். பக்தியோடு அடித்தார்கள், அதனால் ரொம்ப நேரம் அடித்தார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. இப்போதும் நினைத்தால் திருப்தியாகத்தான் இருக்கிறது. எதிர்க்கரை ஏறி நொண்டிக்கொண்டு போனவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அவள்மேல் அம்மன் வந்ததை அவனும் நம்பிவிட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

நான் திரும்பிப் பார்த்தபோது என் மாமியார் மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாள். இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடு தாயே, உனக்குப் பிடிக்காதவனெ இங்கே கூப்பிட்டேனே, தெரியாமப் பண்ணிட்டேன் தாயே" என்று மணலில் நெற்றியை மோதிக்கொண்டாள்.

சேவல் ரத்தம் சொட்டச் சொட்ட என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சரிந்து கிடந்த படுதாவையும் கரி படிந்த பெயின்டையும் பார்த்து வாயைத் திறந்தவர், என் கையில் கழி இருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார். பொங்கல் வைக்கவில்லை. படுதாவைச் சுருட்டிக் கூரைமேல் போட்டுக் கிளம்பினோம்.

வண்டிக்குள் பலகைக் கட்டிலில் நாத்தனார் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் எதிர்க் கட்டிலில் உட்கார மறுத்துத் தரையில், மகளின் காலடியில் உட்கார்ந்தாள். மஞ்சளைக் குழைத்து, எட்டி அவள் உதட்டில் தொட்டு வைத்தாள்.

"வலிக்குதா தாயே?"

"யம்மா, நான்தாம்மா."

"தெரியும் தாயே" என்று மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உம் பொண்ணும்மா நானு. என்னெப் பாரும்மா."

மாமியார் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தையே பார்த்துக்கொண்டு, "இனிமே அந்த ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன் தாயே. நீ சொல்லிட்டே இல்லெ, போதும்" என்றாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கை ஒடிந்த நாளிலிருந்து அன்று வரை, அடி விழும்போது கத்தியிருக்கிறாளே தவிர, அவள் அழுது நான் பார்த்ததில்லை.